முதல் வாய்

சோளக்கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த லெட்டிக்கு அந்தச் சத்தம் முதலில் கெட்டிலிலிருந்து வருவதாகத்தான் பட்டது. ஒரு மூச்சு மெதுவாக உள்ளே போய், கொஞ்சம் தங்கி, வெளியே வந்து, முடிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு விசில் அடித்தது. கெட்டிலைத் தூக்கித் தரையில் வைத்துப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. ஈர விறகின் புகை கண்ணைக் கரிக்க, கூரையில் மழை சடசடக்க, இரண்டுக்கும் நடுவே அந்த மூச்சு தன் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அது யார் மூச்சு என்று அவளுக்குத் தெரியும். வின்ஃபீல்ட் அம்மாளின் கட்டிலுக்குக் காலடியில் கந்தல் விரித்துப் படுத்து, பன்னிரண்டு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியவள் அவள். ஆனால் அம்மாள் இருந்தது பெரிய வீட்டு மாடியில். சமையல்கட்டு முற்றத்துக்கு இந்தப் பக்கம் தனியாக நின்றது.

"அக்கா, உனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

சமையல்காரி டோர்கஸ் மாவு பிசைகிற கையை நிறுத்தவில்லை. "மழை கேக்குது. உன் வாய் கேக்குது. வேற என்ன கேக்கணும்?"

"அம்மா மூச்சு விடுற சத்தம்."

"அது என்னைக்கு நிக்கும்னுதான் இந்தப் பண்ணையே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. உனக்கு மட்டும் இங்க வந்து கேக்குதாக்கும்! மாசமா இருக்கிறவ காதுல கண்டதும் கேக்கும். போ புள்ள, கஞ்சி ஆறிடப் போகுது."

டோர்கஸ் கேலியாகச் சொன்னாலும் அது பொய்யில்லை. வின்ஃபீல்ட் துரை சாகும்போது ஒரு உயில் எழுதி வைத்தார். தன்னுடைய அடிமைகள் அத்தனை பேருக்கும் விடுதலை, ஆனால் தன் மனைவி கண்ணை மூடிய பிறகு. கடவுளுக்கும் நல்லவராச்சு, கட்டினவளுக்கும் நல்லவராச்சு. வர்ஜீனியாவில் சாகக் கிடந்த துரைமார் பலருக்கு அப்போது இப்படித்தான் ஞானம் பிறந்துகொண்டிருந்தது. அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்கம் தொலைந்தது அம்மாளுக்குத்தான். அடுப்பு மூட்டுகிறவள் முதல் வண்டி ஓட்டுகிறவன் வரை எல்லோருக்கும் தன் சாவு வேண்டியிருக்கிறது என்று தெரிந்த வீட்டில் ஒருத்தி எப்படி நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடுவாள்?

அதனால் முதல் வாய் லெட்டியுடையதாயிற்று. எந்தக் கிண்ணம் வந்தாலும் அம்மாள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு லெட்டியையே பார்ப்பாள். லெட்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்து விழுங்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் குடித்ததுபோல் நடிக்கலாம், விரலில் நடிக்க முடியாது என்பது அம்மாளின் கணக்கு. விழுங்கியது லெட்டியின் தொண்டையில் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த வாய் திறக்கும்.

உயில் சொல்லாத ஒன்றைக் கோர்ட் சொன்னது. துரை போன பிறகு, அம்மாள் சாவதற்கு முன்னால் பிறக்கிற பிள்ளைகளுக்கு அந்த விடுதலை கிடையாது, பெற்றவள் பின்னால் விடுதலையானாலும் பிள்ளை அடிமைதான். லெட்டியின் மூத்தவள் மில்லி அப்படிப் பிறந்தவள். துரையின் தம்பி மகனும் வாரிசுமான கிரேசன், அவளை ஐந்து வயதில் தெற்கே பருத்திக்காட்டு வியாபாரியிடம் விற்றுவிட்டார். வண்டி திரும்புகிற முக்கில் மில்லி சிரித்துக்கொண்டே கையாட்டினாள். சந்தைக்குப் போகிறோம் என்று நினைத்திருந்தாள். அந்தக் கை இன்னும் லெட்டியின் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது வயிற்றில் இருப்பது இரண்டாவது. இது வெளியே வருவதற்குள் அம்மாள் போய்விட்டால், இது யாருடைய சொத்தும் இல்லை.

அம்மாளுக்கும் அது தெரியும். தினமும் காலையில் சில்லென்ற உள்ளங்கையை லெட்டியின் வயிற்றில் விரித்து வைத்து, உள்ளே அசைகிறதா என்று தேடுவாள். "யாரு முந்துறான்னு பாத்துடலாம்டி," என்பாள். "நான் அவ்வளவு சுலபமா மூச்சை விட்டுட மாட்டேன்."

கஞ்சிக் கிண்ணத்தை மூடிக்கொண்டு லெட்டி முற்றத்தைக் கடந்தாள். மூச்சும் கூடவே வந்தது. வீட்டை நெருங்க நெருங்கக் கூடவில்லை, குறையவுமில்லை. மாடிப்படி ஏறும்போதும் அதே மூச்சு, அதே விசில். கற்பூரமும் மூத்திரமும் கலந்த அந்த அறையின் வாசனை கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதியது. அம்மாள் தலையணையில் சாய்ந்து, தாடை தொங்க, பாதிக் கண் திறந்தபடி கிடந்தாள். லெட்டி கன்னத்தைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தாள். அங்கே ஒன்றும் அசையவில்லை.

லெட்டிக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமே இல்லாமல் பொங்கிக்கொண்டு வந்தது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ முந்தல கண்ணு, அவ முந்திட்டா," என்று சிரித்தாள். காதில் மட்டும் அந்த மூச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் கேட்டது, ஒரே நாளில் போய்விடுமா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

டோர்கஸ் வந்து செய்ய வேண்டியதைச் செய்தாள். கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, சுவர்க் கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடிகளையெல்லாம் மூடினாள். லெட்டியைக் கூப்பிட அம்மாள் எப்போதும் பிடித்திருக்கும் பித்தளை மணியை மட்டும் அந்த விறைத்த விரல்களிலிருந்து பிரிக்க முடியவில்லை.

"அப்படியே கெடக்கட்டும். அங்க போயி யாரைக் கூப்பிடுதோ கூப்பிட்டுக்கட்டும்," என்றாள் டோர்கஸ். "இருந்தும் கெடுத்த, செத்தும் கெடுக்காம போய்ச் சேரு தாயி."

கிரேசன் வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. ஓடையில் வெள்ளம், வைத்தியரால் வர முடியாது என்றார். பூட்ஸ் சேற்றோடு மாடியேறி வந்தவர், பெரியம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் லெட்டியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு மேஜையில் மூடியிருந்த கைக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"நான் பாத்துச் சொல்ற வரைக்கும் யாரும் எதுவும் பேசக் கூடாது. லெட்டி, விளக்கைப் பிடி."

லெட்டி கட்டிலை ஒட்டி நின்று விளக்கைப் பிடித்தாள். அவர் அம்மாளின் மூக்குக்கு நேராகக் கண்ணாடியை நீட்டினார்.

கண்ணாடியில் ஆவி படிந்தது.

"தொரை, கையத் தொட்டுப் பாருங்க," என்றாள் டோர்கஸ். "காலைலேர்ந்து கட்டையா கெடக்கு. வாடைகூட வந்துடுச்சு."

"கண்ணாடி பொய் சொல்லாது." அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். பிறந்த பிள்ளைக்கும் ரிச்மண்ட் அடிமைச் சந்தையில் விலை உண்டு என்று தெரிந்தவர், பயந்தாலும் எழுந்து போக மாட்டார்.

மறுபடியும் ஆவி.

அப்போதுதான் லெட்டிக்கு முதல் வலி எடுத்தது. இடுப்பிலிருந்து கிளம்பி, அடிவயிற்றைச் சுற்றி இறுக்கி, விட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும். துணி நனைக்கத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று விளக்கை டோர்கஸிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். பாதிப் படியில் அவர் முணுமுணுப்பது கேட்டது.

"என்ன இது... தெளிஞ்சிடுச்சே."

லெட்டி குடத்தோடு அறைக்குள் நுழைந்தாள். அவள் கண்ணெதிரே கண்ணாடி மங்கியது.

அவள் அசையாமல் நின்றாள். வாயை மூடினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள். தன் மூச்சை அடக்கினாள்.

உள்ளே போனது. தங்கியது. வெளியே வந்தது. விசில்.

கட்டிலிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வரவில்லை. வயிற்றில் கை வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில், மெதுவாக, ஏறி இறங்கியது. விசில் அவளுடைய விலாவுக்குக் கீழேதான் அடித்தது.

லெட்டி டோர்கஸை வாசலுக்கு இழுத்தாள்.

"அக்கா, நான் இந்த வீட்டை விட்டுப் போறேன்."

"இந்த வலியோடவா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"நான் பக்கத்துல இருந்தாத்தான் கண்ணாடி மங்குது. நான் போனதும் தெளியும். அப்ப அவரைச் சொல்ல வை. செத்துட்டாங்கன்னு அவர் வாயால சொல்லணும். அது போதும்."

டோர்கஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். "ஓடு," என்றாள்.

படிகள். கைப்பிடி. பின்வாசல். மழை.

முற்றத்துச் சேறு காலைப் பிடித்தது. வலி ஒன்று வந்து போனது. இன்னொன்று. குனிந்து, நிமிர்ந்து, நடந்தாள். எதிரே ஆட்களின் குடிசைகளில் விளக்கு தெரிந்தது. மேலே, வாடைக்காகத் திறந்து வைத்த ஜன்னலில் டோர்கஸின் குரல்.

"தெளிஞ்சிடுச்சு தொரை! பாருங்க! எம்புட்டு நேரமா தெளிவா இருக்கு!"

"இரு."

"இன்னும் என்ன? சொல்லுங்க தொரை. ஒரு வார்த்தை."

மழை. இன்னும் பத்தடியில் குடிசை.

"சரி," என்றது கிரேசனின் குரல், களைத்துப்போய். "பெரியம்மா..."

மணி அடித்தது.

பித்தளை மணி. விட்டுவிட்டு இரண்டு தட்டு. அம்மாள் கூப்பிடுகிற விதம்.

லெட்டி திரும்ப நினைக்கவில்லை. கால் திரும்பியது. பன்னிரண்டு வருஷமாக அந்த மணிக்குத் திரும்பிய கால். வேண்டாம், வேண்டாம் என்று அவள் வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முற்றத்தைத் தாண்டிவிட்டது. பின்வாசல் படியில் ஏறிவிட்டது. அங்கே வலி அவளை மடக்கிப் போட்டது.

மேலே கிரேசன் கத்தினார். "பாரு! ஆவி! உசிரோட இருக்காங்க!"

படியில், மழை பாதி நனைக்க, பிள்ளை வந்தது.

அழவில்லை. மூச்சு விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கிரேசன் இறங்கி வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கண்ணாடி தெளிஞ்சிடுச்சு. இனிமே மங்காது," என்றார். "பிள்ளை முதல்ல. பெரியம்மா அப்புறம்." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "உனக்கு விடுதலை, லெட்டி. நீ எங்க வேணா போகலாம்." அவளை மட்டும்தான் சொன்னார்.

பின்னாலேயே ஓடி வந்த டோர்கஸ் இடுப்புத் துணியால் பிள்ளையைத் துடைத்துச் சுற்றினாள். "பொண்ணு," என்றாள். பிறகு, "மணி பொணத்துக் கையிலதான் இருந்துச்சு. நான் பாத்துட்டே இருந்தேன் புள்ள. விரல் அசையவே இல்ல," என்றாள்.

குடிசைப் பக்கம் யாரோ ஓவென்று கத்தினார்கள். செய்தி போய்விட்டது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அழுகையும் சிரிப்பும் பாட்டும் மழையோடு கலந்து முற்றத்தைத் தாண்டி வந்தன. இன்று அங்கே உயிலில் இருந்த எல்லோருக்கும் விடுதலை.

"அழ மாட்டேங்குதே இது. பால் குடு," என்றாள் டோர்கஸ்.

லெட்டி ரவிக்கையை விலக்கி அணைத்துக்கொண்டாள். காம்பில் பால் துளிர்த்தது. பிள்ளை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. கண் திறந்திருந்தது. பிறந்த பிள்ளையின் கண் அலையும், எதிலும் நிற்காது. இந்தக் கண் அலையவில்லை. சில்லென்ற உள்ளங்கையை அவள் மார்பில் விரித்து வைத்தது.

உள்ளே போனது. தங்கியது. வெளியே வந்தது. விசில்.

"குடி கண்ணு. பால்தான். அம்மாதான்."

உதடு திறக்கவில்லை. அது லெட்டியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. என்ன வேண்டும் அதற்கு என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

லெட்டி விரலால் ஒரு சொட்டுப் பாலைத் தொட்டாள். நாக்கில் வைத்தாள். விழுங்கினாள்.

அது அவள் தொண்டையில் இறங்குவதைப் பிள்ளை பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது.