திறந்து கிடந்த நான்கு பக்கங்கள்

"நான் பூட்டைத் தொடவே இல்ல, அண்ணே."

"அப்போ பூட்டு தானா எழுந்து நடந்து போச்சா? ரத்தம் குடுக்குற ஆயிரத்து நானூறு பேரோட போன் நம்பர் ஊருக்கே தெரியுது. வெள்ளிக்கிழமை அந்தக் கோப்பைத் திருத்தினது நீ ஒருத்திதான்."

திங்கட்கிழமை, காலை 9.10. பிளோவ்டிவ் நகரில், ரத்த தான இணையதளம் ஒன்றை நடத்தும் மூன்றாம் மாடி அலுவலகம். அதட்டியவர் கலின், அங்கே மேலாளர். மறுத்த ஸோர்னிட்சா வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். அவளை நிரந்தரமாக்கும் கடிதத்தில் அவர் இன்று கையெழுத்திட வேண்டும். கடிதம் இப்போது மேசையில் குப்புறக் கிடந்தது.

9.25. மூத்த நிரலாளர் போக்தானா பனிட்சா என்னும் பாலாடைக்கட்டிப் பலகாரத்தைக் கடித்தபடி கோப்பைப் படித்தாள். திறந்து கிடந்த நான்கு இணையப் பக்கங்களின் நிரல் தலையிலும் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ஒரு குறிப்பு இருந்தது: 'ஊழியர் மட்டும்'. நிரல் ஓடும்போது அந்தக் குறிப்பைப் படித்துத்தான் பக்கத்தைப் பூட்டும். கலினின் பழைய ஏற்பாடு.

"குறிப்பு அப்படியே இருக்கே?"

"அதான் அக்கா! நான் மாத்தினது பொத்தானோட நிறத்தை. என் மடிக்கணினியில இப்பவும் பூட்டு விழுது."

"நிர்வாகப் பக்கம்?"

"அது சர்வர்லயும் பூட்டித்தான் இருக்கு. அதுல பூட்டு குறிப்புல இல்ல, நிரல்லயே இருக்கு."

போக்தானா மெல்லுவதை நிறுத்தினாள்.

10.05. சர்வர்களைக் கவனிக்கும் ருமென் உற்சாகமாக வந்தான். போக்தானா விசாரித்தாள்.

"வெள்ளிக்கிழமை என்ன பண்ணின?"

"சர்வர் மூச்சு வாங்கிச்சு. பாரத்தைக் குறைச்சேன். ஒரு நன்றி கூட யாரும் சொல்லலை."

"நிரலைத் தொட்டியா?"

"ஒரு எழுத்தைக் கூட தொடலை. அம்மா சத்தியமா."

"வேற எதைக் குறைச்ச?"

"வேண்டாததை."

10.20. போக்தானா எல்லோரையும் கூப்பிட்டாள்.

"பூட்டைக் கழட்டினது ருமென். ஆனா அவன் பொய் சொல்லலை. கோப்பை நினைவகத்துல ஏத்தும்போது குறிப்புகளை விட்டுடுன்னு சர்வர்கிட்ட சொல்லியிருக்கான். குறிப்பு மனுஷங்க படிக்கத்தானேன்னு நினைச்சிருக்கான். நாம எல்லாரும் கோப்பையே உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தோம். பூட்டு கோப்புல இருக்கு. ஓடுற இடத்துல இல்ல."

ருமெனின் முகம் வெளுத்தது. "குறிப்பு வேண்டாததுன்னு தப்பா நினைச்சுட்டேன்."

"நீ நினைச்சது சரிதான். கட்டளையைக் குறிப்புக்குள்ள ஒளிச்சு வச்சதுதான் தப்பு. கட்டளைக்குன்னு நிரல் மொழியிலயே ஒரு குறி வேணும்னு போன வருஷம் கேட்டோமே, குறிப்பே போதும்னு அந்த மொழியை உருவாக்குறவங்க மன்றத்துல பக்கம் பக்கமா எதிர்த்து எழுதினது யாரு, கலின்?"

"மொழி எளிமையா இருக்கட்டும்னுதான்..."

"எளிமைதான். ஒரு அமைப்பை மாத்தினா பூட்டே காணாமப் போற எளிமை."

10.32. ருமென் பழைய அமைப்பைத் திருப்பினான். நான்கு பக்கங்களும் பூட்டிக்கொண்டன.

கலின் கடிதத்தை நிமிர்த்திக் கையெழுத்திட்டார். "என்னை மன்னிச்சுடும்மா. அந்த ஆயிரத்து நானூறு பேருக்கும் நானே எழுதிடுறேன்."

ஸோர்னிட்சா கடிதத்தை வாங்கினாள். முகம் மலர்ந்தது. ஆனால் நகரவில்லை.

"அந்தப் புதுக் குறிக்கு இந்த வாரம் மறுபடி ஓட்டெடுப்பு நடக்குது, அண்ணே. இன்னிக்கு இங்க நடந்ததை மன்றத்துல உங்க பேர்லயே எழுதுறீங்களா?"