பச்சை ரிப்பன் கட்டிய பை

பைக்குள் மாஸ்க் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைத்துண்டு சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது.

அனுபமா அந்தத் துண்டையும், பச்சை ரிப்பன் கட்டிய கறுப்புப் பையையும் கையில் பிடித்தபடி ஹாலுக்கு வந்தாள். அது வரை அங்கே ஒரே கூச்சல். மெட்டுகுடாவில் ஃபிரெடியின் வீடு முழுக்க பெட்டிகள், நீச்சல் உடைகள், வெயிலுக்குப் பூசும் களிம்புகள். மாலையில் செகந்திராபாத் ஸ்டேஷனில் சென்னை ரயில் ஏற வேண்டும். அங்கிருந்து போர்ட் பிளேருக்கு விமானம். பிறகு கப்பலில் ஹேவ்லாக் தீவு. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, கடலின் அடியில் பவளப் பாறைகளுக்கு நடுவே நீந்தப்போகிறார்கள். ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் நான்கு பேர் ஒரு வருடமாகப் போட்ட திட்டம் அது.

"மாஸ்க்கைக் காணோம்," என்றாள் அனுபமா.

அந்த நேரம் பார்த்து இட்லிப் பொட்டலங்களோடு வாசலில் நுழைந்தான் கணேஷ்குமார். பொள்ளாச்சிக்காரன். இந்தப் பயணத்தின் தலைவன். அனுபமாவின் கையில் இருந்த பையைப் பார்த்தான். நேராக சபீனாவிடம் போனான்.

"சபீனா, நீ வருத்தப்படாத. உன்னை விட்டுப்போட்டு நாங்க போகமாட்டோம். ரெண்டு மாசம் தள்ளிப் போட்டுக்கலாம்."

"டேய், போனது அனுவோடது," என்றான் ஃபிரெடி. "நேத்துதான் ரெண்டு பேரும் பை மாத்திக்கிட்டாங்களே."

"ஓ... ஆமாமா," என்று கணேஷ் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினான்.

தண்ணீருக்கு அடியில் பார்க்கக் கண்ணில் மாட்டும் அந்த நான்கு மாஸ்க்குகளும் ஒரே ரகம். சபீனாவின் அண்ணன் துபாயிலிருந்து வாங்கி அனுப்பியவை. சபீனாவினுடையதில் மட்டும் அவள் கண்ணின் பவருக்கு ஏற்ற கண்ணாடி பதித்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று அவளுக்குத் தெரியாது. அடையாளத்துக்காகத் தன் பையில் பச்சை ரிப்பன் கட்டியிருந்தாள். முந்தைய நாள், வெள்ளிக்கிழமை மாலை, அந்தப் பையின் ஜிப் பிய்ந்துவிட்டது. தன் மாஸ்க்கை அனுபமாவின் பையில் வைத்து, அனுபமாவினுடையதை ரிப்பன் பைக்கு மாற்றினாள். எல்லோரும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும்போது அதைச் சொல்லவும் சொன்னாள்.

"விடு அனு," என்றான் ஃபிரெடி. "அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கலாம்."

"அதுதான் எனக்கு உறுத்துது," என்றது ஒரு குரல்.

சமையலறை வாசலில் ஃபிரெடியின் அக்கா மெட்டில்டா நின்றிருந்தாள். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈடு கேட்டு வருகிற வழக்குகளை விசாரிப்பது அவள் வேலை. எரிந்த லாரி தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

"வாடகைக்குக் கிடைக்கிற சாமானை எதுக்குத் திருடணும்? பக்கத்துலயே கேமரா இருக்கு, தொடலை. வீட்டுக்கு வெளியாள் யாரும் வரலை. அப்போ உங்க நாலு பேர்ல ஒருத்தர் வேலைதான்."

"அக்கா, ட்ரெயினுக்கு டைம் ஆகுது..."

"இருக்கட்டும். தண்ணிக்கு அடியில ஒருத்தர் உயிர் இன்னொருத்தர் கையில இருக்கும்னு நீதானே சொன்னே? யாருன்னு தெரியாம உன்னை அனுப்ப முடியாது. ஒவ்வொருத்தரா சமையலறைக்கு வாங்க."

முதலில் ஃபிரெடி.

"உனக்கு யார் மேல சந்தேகம்?"

"சொல்லவே கஷ்டமா இருக்குக்கா. அனுதான். அவளுக்குத் தண்ணின்னா பயம். புதன்கிழமை நீச்சல் குளத்துல ஆழமான பக்கம் இறங்கவே மாட்டேன்னுட்டா."

"மத்தவங்க?"

"நானும் சபீனாவும் இறங்கினோம். கணேஷ் சும்மா பாய்ஞ்சு பாய்ஞ்சு அடி வரைக்கும் போய் காசு பொறுக்கிட்டு வந்தான். அப்புறம் கரையில உட்கார்ந்து எங்களை போட்டோ எடுத்தான்."

அடுத்து அனுபமா. உட்காரும்போதே கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் என்னைத்தான் நினைக்கறாங்க, இல்லையாக்கா?"

"பயமா இருக்கா?"

"இருக்கு. கும்பகோணத்துல இருந்து அம்மா தினமும் போன் பண்ணி அழறா. ஆனா போக வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்லியிருப்பேன். பயந்துக்கிட்டாவது ஒரு தடவை இறங்கிப் பார்த்துடணும்னுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

"நேத்து சாப்பிடும்போது யார் எங்கே உட்கார்ந்திருந்தீங்க?"

அனுபமா யோசித்துச் சொன்னாள். தரையில் வட்டமாக. கணேஷுக்கு இடதுபக்கம் சபீனா. எதிரில் அவளும் ஃபிரெடியும்.

சபீனா வந்தாள். மேலப்பாளையத்துப் பெண். கேள்விக்குக் காத்திருக்காமல் ஆரம்பித்தாள்.

"அக்கா, என் மாஸ்க் பத்திரமா இருக்கு. அது போயிருந்தா என் கதை முடிஞ்சது. இன்னொண்ணு செஞ்சு வர ரெண்டு மாசம் ஆகும்."

"நீ இல்லாம இவங்க போயிருப்பாங்களா?"

"போக மாட்டாங்க. ஒருத்தர் வரலைன்னாலும் யாரும் போகக் கூடாதுன்னு கணேஷ் ஆரம்பத்துலயே எல்லார்கிட்டயும் வாக்கு வாங்கிட்டான். வாப்பாவை சம்மதிக்க வச்சதே அவன்தான்."

கடைசியாக கணேஷ்குமார். வந்து உட்கார்வதற்குள் அவன் போன் அடித்தது. இடது கையால் எடுத்தான். வலது கைக்கு மாற்றி, வலது காதில் வைத்துப் பேசினான். ஹேவ்லாக்கில் அறை உறுதி என்று தகவல். பேசி முடித்ததும் மெட்டில்டா அடுப்படியில், அவனுக்கு இடதுபுறம் நின்று காப்பி கலந்துகொண்டே கேட்டாள்.

"சக்கரை மூணு ஸ்பூன் போடவா, நக்கோவா... வேண்டாமா?"

கணேஷ் சிரித்துத் தலையாட்டினான். அவள் மூன்று ஸ்பூன் போட்டு எதிரில் வைத்தாள். ஒரு வாய் குடித்ததும் அவன் முகம் கோணியது.

"என்னங்க்கா, பாயசமாட்ட இருக்குது! நான் சக்கரையே போட்டுக்கறதில்லீங்க."

"அப்படியா? சரி, வா. ஹாலுக்குப் போகலாம்."

"என்கிட்ட ஒண்ணுமே கேக்கலீங்களே?"

"கேட்டாச்சு."

ஹாலில் நான்கு பேரும் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எடுத்தவர் தப்பான மாஸ்க்கை எடுத்துட்டார்," என்றாள் மெட்டில்டா. "அனுவோட மாஸ்க் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. சபீனாவோடது போனால்தான் பயணம் நிக்கும். அதுக்குத்தான் ரிப்பன் பையில கை வச்சிருக்கார். பை மாறினது அவருக்குத் தெரியாது."

"எல்லாருக்கும் தெரியுமே," என்றாள் சபீனா. "நான்தான் சத்தமா சொன்னேனே."

"சொன்னே. ஃபிரெடி கேட்டான், அனு கேட்டாள். மூணாவது ஆளுக்குக் கேக்கலை. இன்னைக்குக் காலையில அனு 'மாஸ்க்கைக் காணோம்'னுதான் சொன்னா. யாரோடதுன்னு சொல்லலை. ரிப்பன் பையைப் பார்த்ததும் ஒருத்தர் நேரா உன்கிட்ட வந்து ஆறுதல் சொன்னார். ரெண்டு மாசம் தள்ளிப் போடலாம்னும் சொன்னார். இன்னொரு மாஸ்க் செஞ்சு வர ஆகிற அதே ரெண்டு மாசம்."

எல்லோரும் கணேஷைப் பார்த்தார்கள்.

"அவன் எனக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தான்!" என்றாள் சபீனா.

"இடதுபக்கம் உட்கார்ந்திருந்தே. அவனுக்கு இடது காது கேக்கலை. போனை வலது காதுக்கு மாத்தறான். இடதுபக்கம் நின்னு நான் கேட்டதுக்குப் புரியாமலே தலையாட்டி, பிடிக்காத சக்கரையை வாங்கிக் குடிச்சான். புதன்கிழமை அடி வரைக்கும் பாய்ஞ்சவன் அப்புறம் தண்ணியில கால் வைக்கலை. கணேஷ், காதுல என்ன ஆச்சு?"

கணேஷ்குமார் குனிந்த தலை நிமிரவில்லை.

"மூணாவது தடவை போறப்ப உள்ள என்னமோ பட்டுனு வெடிச்ச மாதிரி இருந்துச்சுங்க்கா. ரத்தம் வந்துச்சு. ஒரு வருசமா எல்லாத்தையும் இழுத்துட்டு வந்தது நானு. என்னாலயே பயணம் நிக்குதுன்னு சொல்ல வாயே வரலீங்க. கொஞ்ச நாள் தள்ளிப் போச்சுன்னா காது ஆறிரும்னு நெனச்சேன். நேத்துக் கெளம்பறப்ப எடுத்து வண்டிப் பெட்டியில போட்டேன். அப்புறம் அதைத் தொறந்து பாக்கக்கூட மனசு வரல."

"தள்ளிப் போகலைன்னா?" என்றாள் மெட்டில்டா. "அந்தக் காதோட கடல்ல இறங்கியிருப்பே. அப்படித்தானே?"

"ஆமாங்க்கா," என்றான் கணேஷ். ஃபிரெடியின் முகம் வெளுத்தது. அவன் எழுந்துபோய், சந்தேகப்பட்டதற்கு அனுபமாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டிவிட்டு அழுதாள்.

சபீனா மட்டும் கணேஷின் முன்னால் வந்து நின்றாள்.

"என் கண்ணைத் திருடப் பார்த்திருக்கே," என்றாள். "என்கிட்ட சொல்லியிருந்தா நானே தள்ளிப் போட்டிருப்பேனே. அது கூடவா உனக்குத் தெரியலை?"

"தப்புதான் சபீனா. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. வாக்கெல்லாம் விட்டுருங்க."

"நீ யாரு விடச் சொல்ல? எந்திரி, மொதல்ல டாக்டர்கிட்ட போகலாம்."

அடுத்த இரண்டு மணி நேரம் ஒரே ஓட்டம். ஃபிரெடியின் பைக்கில் கணேஷ். பின்னால் ஆட்டோவில் மெட்டில்டாவோடு மற்ற இரண்டு பேர். தார்நாகாவில் ஒரு காது டாக்டர் விளக்கைக் காட்டிப் பார்த்தார். செவிப்பறையில் ஓட்டை. தானாக ஆறிவிடும். விமானத்தில் போகலாம், ஆனால் காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, கடல் பக்கம் தலை வைத்தும் படுக்காதே என்றார்.

"படகுல உட்காரலாமா டாக்டர்?" என்று கேட்டாள் சபீனா.

டாக்டர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உட்காரட்டும்" என்றார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வாசலில் கூச்சல் எழுந்தது.

அன்று மாலை ரயில் கிளம்பியபோது நான்கு தலைகளும் ஒரே ஜன்னலில் தெரிந்தன.

அடுத்த புதன்கிழமை பிற்பகல். மெட்டில்டா ஆபீஸில் ஒரு எரிந்த குடோனின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஹேவ்லாக்கில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஹவ், ஹவ், சரி சரி, ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க!"

அனுபமாதான் முதலில் இறங்கினாளாம். மேலே வரச் சொன்னபோது வர மாட்டேன் என்றாளாம். கணேஷ் படகில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் மேலே வந்ததும் பார்த்ததை எல்லாம் சொல்லவைத்தானாம். பிறகு சபீனா போனை வாங்கினாள்.

"அக்கா, ஆமை. எனக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. அதோட முதுகுல இருக்கிற கோடு ஒவ்வொண்ணும் தெரிஞ்சுதுக்கா. மூஞ்சியில சுருக்கம் கூட. அது என்னைப் பார்த்துச்சு."

மெட்டில்டா போனை வைத்தாள். எரிந்த குடோனின் படங்களை எடுத்து மூடி வைத்தாள். அன்று மாலை ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போகாமல் செகந்திராபாத் நீச்சல் குளத்துக்குப் போய், பெரியவர்களுக்கு வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டாள்.