மெஜந்தா நூறு, மஞ்சள் நூறு

மனநிறமானி என்ற தலைக்கவசம் வந்தபிறகு சிவகாசியில் நிறச்சண்டை ஒழிந்தது. முன்பெல்லாம் திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டும், அச்சகம் மையைக் கூட்டி நிறம் காட்டும். ஒளி சேரச் சேர வெளுக்கும், மை சேரச் சேரக் கறுக்கும். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? "போன்ல பளிச்சுனு இருந்துச்சே அண்ணாச்சி, தாள்ல ஏன் செத்துக் கிடக்கு?" என்று வாடிக்கையாளர்கள் மல்லுக்கு நிற்பார்கள். இப்போது அந்தக் கவசத்தைத் தலையில் மாட்டி, வேண்டிய நிறத்தை நினைத்தால் போதும். மனம் உணர்ந்ததைச் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளாகப் பங்கு பிரித்து இயந்திரமே அச்சடித்துவிடும்.

ஊரே கொண்டாடிய அந்தக் கவசத்தைக் கண்டால் அச்சக முதலாளி கதிரவேல் மட்டும் பயந்து ஒதுங்குவார். அவர் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. பிறவியிலேயே அப்படி. மெஜந்தா நூறு, மஞ்சள் நூறு என்றால் சிவப்பு என்று மை அளவின் எண்களை வைத்தே தொழிலை ஓட்டிவிட்டார். மனைவி புஷ்பகனிக்குக்கூடச் சொன்னதில்லை. பெண் பார்க்கப் போன அன்றே சொல்லியிருக்க வேண்டும். விட்டுவிட்டார், பாவம்.

திருமண வெள்ளிவிழா அழைப்பிதழ் அடிக்கும்போது அவள் பிடிவாதமாக நின்றாள். "என் முகூர்த்தப் பட்டு நிறத்துல அடிப்போம். நீங்கதான் நினைக்கணும்."

"நீயே நினையேன் கனி. உனக்குத்தான் கண்ணு நல்லா..."

"மணமேடையில என்னையே பாத்துக்கிட்டு இருந்தீகளே, எல்லாம் சும்மாவா?"

தப்ப வழியில்லை. கவசத்தை மாட்டினார். தலைகுனிந்து அவள் மேடையேறிய காலை மனசில் வந்து நின்றது. பயத்தை மறந்து சிரித்துவிட்டார்.

தாள் வெளியே வந்தது. அவர் பார்வைக்கு அச்சு அசல் அதே பட்டு. புஷ்பகனி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சரியா வந்திருக்கா?" என்றார்.

"நீங்க நினைச்ச மாதிரியே வந்திருக்கு."

விழா நாளில் அவள் பட்டுடுத்தி வந்தபோது கதிரவேலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இருபத்தஞ்சு வருஷமாச்சு, சாயம் துளிகூட மங்கல பாரு" என்று மைத்துனி ஜோதிமணியிடம் பெருமையடித்தார்.

"என்ன அத்தான் சொல்றீக? அக்காவோட சிவப்புப் பட்டு பீரோவுலல்ல இருக்கு! நல்ல நாளும் அதுவுமா இந்தச் சேத்துப் பழுப்ப எங்க தேடிப் பிடிச்சாளோ. பத்திரிகையும் அதே பழுப்பு."

கதிரவேல் அந்தப் பட்டைத் திரும்பிப் பார்த்தார். புஷ்பகனி முந்தானையைச் சரிசெய்தபடி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தத் தாளக் கடை கடையா காட்டி இந்தப் பட்ட எடுத்தேங்க" என்றாள் மெதுவாக. "நீங்க அன்னைக்குப் பாத்த பொண்ண, நானும் ஒருதடவ கண்ணாடியில பாக்க வேண்டாமா?"