ஐந்தே காலுக்குப் பாடிய வைக்கோல் பொம்மை

“எல்லாரும் முகமூடியைக் கழட்டுங்க.”

மைக்கில் சொன்னாள் டெஸ்ஸா யூரிக். மாலை மணி 5.34. பாட்டு நின்றுபோன கூடத்தில் எழுபது பேர் அவளையே பார்த்தார்கள். சூனியக்காரிகள், எலும்புக்கூடுகள், ஒரு வாழைப்பழம், உடம்பெல்லாம் ஊதா பலூன் ஒட்டிக்கொண்டு திராட்சைக் குலைகளாக வந்த ஒரு ஜோடி. ஒருவரும் முகமூடியில் கை வைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுடைய முதலாளி டிஜே ரஸ் மெல்னிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “பாடுறவங்களைப் பார்த்துச் சிரிக்காதே. ஹாலோவீன் அன்னைக்குச் செத்தாலும் முகமூடியைக் கழட்டச் சொல்லாதே.”

மார்லோஸ் ரன் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் கூடத்தில் அந்த விதிக்கு இரட்டிப்பு மரியாதை. ஆறரைக்கு வேஷப் போட்டி. கடைசிவரை யார் என்று கண்டுபிடிக்க முடியாதவருக்குத்தான் பரிசு. பரிசு என்னவென்றால், படையின் நூற்று முப்பது வருஷத்துப் பித்தளைக் குழலில் வாய் வைத்து, மனசில் கிடக்கும் ஒரே ஒரு வாக்கியத்தை ஊரறியக் கத்தலாம். அந்தக் காலத்துத் தலைவர்கள் நெருப்புக்கு முன்னால் நின்று அதில்தான் உத்தரவு போட்டார்கள். போன வருஷம் ஜெயித்தவர் மாமியார் செய்யும் உருளைக்கிழங்கு சாலட்டைப் பற்றிக் கத்தினார். அந்த வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது அந்தக் குழலைக் காணோம்.

“கழட்டினா போட்டி போச்சு, கண்ணு” என்றாள் டார்லீன் ப்ரூக்ஹார்ட். விழாக் குழுத் தலைவி. பச்சை மூக்கு வைத்த சூனியக்காரி. போன வருஷம் தன் அக்கா மகன் கைபேசியில் பாட்டுப் போட்டு விழாவைக் குட்டிச்சுவராக்கிய பிறகு, இந்த முறை தொழில் தெரிந்த ஆளே வேண்டும் என்று ரஸ்ஸைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். “ஊர்க்காரங்க யாரும் அதைத் தொடமாட்டாங்க. நீ கொஞ்சம் இப்படி வா.”

மேடைக்குக் கீழே, பன்றிக்கறி பன்களும் ஆப்பிள் சாறும் வைத்திருந்த மேசை ஓரமாக விசாரணை நடந்தது.

“பின்னறைக்கு ஏன் போனே?”

“மைக்குக்கு பேட்டரி எடுக்க.”

“எப்போ?”

“5.13.”

“திரும்பினது?”

“5.17.”

“பேட்டரிக்கு நாலு நிமிஷமா?”

“ரஸ் அடுக்கின பெட்டி. நாற்பது நிமிஷம் ஆகாததே பெரிசு.”

பக்கத்தில் நின்ற வாழைப்பழம் சிரித்தது. டார்லீன் சிரிக்கவில்லை.

“குழல் அப்போ அலமாரில இருந்துச்சா?”

“போகும்போது இருந்துச்சு. வரும்போது பார்க்கலை. பாட்டைக் கேட்டுக்கிட்டே வந்தேன்.”

கணக்கு எளிது. 5.10க்கு டார்லீனும் இன்னும் மூன்று பெண்களும் குழலைத் துடைத்து நடைவழியில் இருந்த கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். அதற்குப் பூட்டு கிடையாது, ஒரு கொக்கிதான். 5.30க்கு எடுக்கப் போனால் அலமாரி காலி. அந்த நடைவழி இரண்டே இடங்களுக்குப் போகிறது: ரஸ்ஸின் பெட்டிகள் கிடந்த பின்னறை, தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகை. அந்த இருபது நிமிஷத்தில் அதற்குள் போனதாக எல்லோரும் பார்த்த ஒரே ஆள் டெஸ்ஸா. வேஷம் போடாத ஒரே பெண்ணும் அவள்தான். கண்ணில் படாமல் இருப்பாளா?

“பையைக் காட்டு” என்றாள் டார்லீன்.

டெஸ்ஸா ரஸ்ஸைப் பார்த்தாள். இருபத்தேழு வருஷமாக மேடையில் வாய் ஓயாத மனிதர் ஒலிப்பெட்டியின் ஒயரை நீவிக்கொண்டிருந்தார்.

“காட்டிடேன், டெஸ். என்ன குறைஞ்சிடப் போறே? கிறிஸ்துமஸ் விழாவுக்கும் நம்மளைத்தான் கூப்பிடப் போறாங்க.”

அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி இரண்டு, தொண்டை மிட்டாய், சுருள் கம்பி போட்ட ஒரு நோட்டு, மாவட்டப் பள்ளிக்கூட நிர்வாகத்தின் கடிதம். பின்னறையில் ஆளையே உட்கார வைக்கும் அளவுக்கு நாலு பெட்டிகள் இருந்தன. ரஸ்ஸின் பெட்டிகள். அவற்றை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

“ஷெரிஃப் ஆபீஸுக்கு போன் பண்ணியாச்சு. ஆறே காலுக்கு ஆள் வருது” என்றாள் டார்லீன்.

டெஸ்ஸா கடிதத்தை மட்டும் முதலில் எடுத்து உள்ளே வைத்தாள். வேதியியல் ஆசிரியை வேலை. புதன்கிழமைக்குள் அவளைப் பற்றி விசாரித்து முடிப்பார்கள். அப்பா ஜல்லி லாரி ஓட்டுகிறார், அம்மா முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிறாள், அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். ஷெரிஃப் ஆபீஸ் ஏட்டில் திருட்டு என்று ஒரு வரி ஏறினால் போதும், பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்க முடியாது.

மணி 5.41. முப்பத்துநாலு நிமிஷம் இருந்தது.

“குழல் மேல யாருக்கு இவ்வளவு ஆசை?” என்று கேட்டாள்.

“ஆசையா? எல்லாருக்கும்தான்” என்றது வாழைப்பழம். “திங்கட்கிழமை அது மாவட்ட மியூசியத்துக்குப் போகுது. கூட்டம் போட்டு ஓட்டெடுத்தோம். பதினொண்ணுக்குப் பத்து. நம்ம கேப்டன் கர்ட் வெண்ட்லிங் அன்னைக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டுட்டுப் போனவர்.”

“கேப்டன் எங்கே?”

“இங்கேதான், ஏதாவது வேஷத்துக்குள்ள. அவர் மச்சான் டேலும் வந்திருக்கான். சர்ச்சுல மேல்ஸ்தாயி பாடுவானே, அவன். எவன் எதுக்குள்ளன்னு தெரிஞ்சா அவனுக்குப் பரிசு ஏது?”

டெஸ்ஸா மேடை ஓரத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். பாட்டின் இசையை மட்டும் ஓடவிட்டு வந்தவர்களைப் பாட வைக்கும் கரோக்கே நடத்துகிறவளுக்கு அதுதான் சொத்து. யார், எந்தப் பாட்டு, எந்தச் சுருதி. அசல் பாடகரின் தொண்டை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஒருவருக்கு ஒரு கட்டை இறக்க வேண்டும், இன்னொருவருக்கு அரைக்கட்டை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் இயந்திரம் தானாக அசல் சுருதிக்குத் திரும்பிவிடும். திரும்பவும் கையால்தான் மாற்ற வேண்டும். இந்த வேலையே ஏமாற்று என்பது ரஸ்ஸின் கட்சி. “முடிஞ்சா பாடு, முடியலைன்னா போய் பன் சாப்பிடு” என்பார்.

பக்கத்தை விரலால் ஓட்டினாள்.

3.40. வைக்கோல் பொம்மை. சாக்குப்பை முகம், ஓலைத் தொப்பி, ஜீன்ஸ் சட்டை. லாரிக்காரன் காதலிக்காக ஏங்கும் பழைய பாட்டு. மேடையேறியதும் இரண்டு விரலைக் கீழே காட்டினார். இரண்டு கட்டை இறக்கிக் கொடுத்தாள். அப்படியும் உச்சி வரியில் தொண்டை கிரீச்சிட்டது. இறங்கும்போது அடுத்த பாட்டுச் சீட்டையும் கையில் திணித்தார்: அதே பாட்டு, சரியாக 5.15க்கு. ஒரே பாட்டை இரண்டு தரம் கேட்கிறவர்கள் உண்டு. கடிகாரம் பார்த்துக் கேட்ட முதல் ஆள் இவர்.

4.20. பேய். தலைமுதல் தரைவரை வெள்ளைப் போர்வை, இரண்டு கண் ஓட்டை. சுருதி மாற்றமில்லை. மேலே போகும் இடமெல்லாம் வெண்ணெயில் கத்தி போனமாதிரி போனார். சீட்டு எழுத உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் நாலைந்து வைக்கோல் கிடந்தது. அவள்தான் தட்டிவிட்டாள்.

5.15. வைக்கோல் பொம்மை. அந்த நேரத்தில் அவள் பின்னறையில் பேட்டரி தேடிக்கொண்டிருந்தாள். பாட்டைப் போட்டுவிட்டது ரஸ்.

நோட்டை மூடினாள்.

“ரஸ், 5.15 பாட்டுக்குச் சுருதியை இறக்கினீங்களா?”

“நானா? எந்தப் பொத்தான்னே எனக்குத் தெரியாது.”

“நல்லாப் பாடினாரா?”

“முதல் தடவையைவிடப் பிரமாதம். கூடமே எழுந்து நின்னு தட்டுச்சு. நீதான் கேட்டுக்கிட்டே வந்தியே.”

“ஆமா. கேட்டேன்” என்றாள் டெஸ்ஸா. மைக்கை எடுத்தாள். மணி 5.52.

“சரிங்க, யாரும் முகமூடியைக் கழட்ட வேண்டாம். நான் சொன்னது தப்பு. போலீஸ் வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்? சந்தேகமே இல்லாத ஆள் ஒருத்தர் இங்கே இருக்கார். அஞ்சே காலுக்கு எழுபது பேர் கண் முன்னாடி பாடிக்கிட்டிருந்தவர். வைக்கோல் பொம்மை, வாங்க. அதே பாட்டு. மூணாவது தரம்.”

கைதட்டல் கிளம்பியது. திராட்சைக் குலைகள் மேசையைத் தட்டி “பொம்மை, பொம்மை” என்று தாளம் போட்டன. மூலையில் நின்ற வைக்கோல் பொம்மை தலையை ஆட்டி மறுத்துப் பார்த்தது. வாழைப்பழம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து மேடையில் ஏற்றியது.

மைக்கைக் கையில் வாங்கிய பொம்மை, டெஸ்ஸாவின் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் கீழே காட்டியது.

“மன்னிக்கணும், இன்னைக்கு இறக்க முடியாது” என்றாள் மைக்கிலேயே. “அஞ்சே காலுக்கு அசல் சுருதியிலதானே பாடினீங்க? அதேதான் போட்டிருக்கேன்.”

இசை ஆரம்பித்தது. முதல் வரி எப்படியோ ஒப்பேறியது. இரண்டாம் வரியில் மூச்சு முட்டியது. உச்சி வரி வந்தபோது சாக்குப்பைக்குள்ளிருந்து, வாலை மிதிபட்ட பூனையின் சத்தம் வெளியே வந்தது. கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

டெஸ்ஸா இசையை அணைத்தாள்.

“3.40க்குப் பாடினவருக்கு ரெண்டு கட்டை இறக்கியும் எட்டலை. 5.15க்குப் பாடினவர் இறக்காமலே எட்டிப் பிடிச்சார். சாக்கு முகத்தை மறைக்கும், தொண்டையை மாத்தாது. அதே வேஷம், ஆனா ரெண்டு ஆள். ஒருத்தர் மேடையில பாடறப்போ இன்னொருத்தர் நடைவழியில இருந்தார். நான் கதவைச் சாத்திக்கிட்டுப் பேட்டரி தேடின அதே நேரம்.”

“அப்போ மேடையில யார்?” என்றாள் டார்லீன். பச்சை மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“போர்வைப் பேயைக் கூப்பிடுங்க. முகத்தைக் காட்ட வேண்டாம். காலை மட்டும் காட்டச் சொல்லுங்க.”

பேய் வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தது. திராட்சைக் குலை குறுக்கே நின்றது. நாலு பலூன் வெடித்தன. டார்லீன் போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே ஜீன்ஸ் சட்டை. பையில் மடித்து வைத்த சாக்குப்பையும் நசுங்கிய ஓலைத் தொப்பியும். கால்சட்டை மடிப்பு முழுக்க வைக்கோல்.

“பேய் உட்கார்ந்த நாற்காலியில வைக்கோல் எப்படி வந்ததுன்னு அப்பவே கேட்டிருக்கணும்” என்றாள் டெஸ்ஸா. “நானே தட்டிவிட்டுட்டேன்.”

“நான் பாட மட்டும்தான் செஞ்சேன்” என்றது போர்வைக்குள்ளிருந்து டேலின் குரல். “மாமா கேட்டார்.”

மேடையில் நின்ற பொம்மை தானாகவே சாக்கைக் கழற்றியது. படைத் தலைவர் கர்ட் வெண்ட்லிங்கின் மொட்டைத் தலை வேர்த்திருந்தது.

“வண்டியில இருக்கு. தண்ணிக் குழாய் சுருட்டுக்கு அடியில” என்றார். “என் முப்பாட்டன் கத்தின குழல் அது, டார்லீன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு சீட்டு எழுதி ஒட்டி வச்சா, அப்புறம் யார் அதுல கத்தப் போறா?”

கூடத்தில் கால்வாசி பேர் தலையாட்டினார்கள். டெஸ்ஸாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

“நல்ல காரணம். ஆனா என் பையைக் கவிழ்த்தப்போ நீங்க பத்தடி தள்ளி நின்னு பார்த்தீங்க.”

கர்ட் தொப்பியைக் கையில் சுழற்றினார். “நீங்க வாடகைக்கு வந்தவங்க. ஏழு மணிக்குக் கிளம்பிடுவீங்க. பையில ஒண்ணும் இருக்காது, நாலு நாள் பேசிட்டு மறந்துடுவாங்கன்னு நினைச்சேன்.”

“நான் மறக்கணுமே.”

அவர் மேடையை விட்டு இறங்கினார்.

6.05க்கு டார்லீன் ஷெரிஃப் ஆபீஸுக்கு மறுபடி போன் பண்ணி, காணாமல் போனதாக நினைத்த பொருள் படைத் தலைவரிடமே இருந்தது என்று சொன்னாள். அங்கே யாரோ சிரித்தது வெளியே கேட்டது. டேல் போய்க் குழலை எடுத்து வந்தான். மியூசியத்துக்கு வருஷத்தில் பதினொரு மாதம், அக்டோபர் மட்டும் கூடத்துக்கு என்று அங்கேயே ஒரு ஓட்டெடுத்தார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை, கர்ட் இரண்டு கையையும் தூக்கியதை ஒரு ஓட்டாகவே எண்ணினார்கள்.

“போட்டிதான் நாசமாப் போச்சு. ஆனா இந்தக் குழலை இன்னைக்கு வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்” என்ற டார்லீன் அதை டெஸ்ஸாவிடம் நீட்டினாள். “கத்து, கண்ணு. என்னைத் திட்டணும்னா திட்டு.”

டெஸ்ஸா வாய் வைத்தாள். பித்தளை குளிர்ந்திருந்தது.

“என் பையைத் திறந்தீங்க, ரஸ்ஸோட பெட்டியைத் திறக்கலை.”

கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. டார்லீன் தன் பச்சை மூக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

ரஸ் தொண்டையைச் செருமினார். “சரி, சரி. டெஸ், இன்னும் அரை மணி பாக்கி. ஒன்பது பேர் வரிசையில இருக்காங்க. மேலே வா. கிறிஸ்துமஸுக்கு மைக் முழுக்க உன் கையிலதான், போதுமா?”

பையைக் காட்டிவிடு என்று அவர் ஒயரை நீவியபோதே, அவரிடம் இனி வேலை வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். மற்றதெல்லாம் வேலையை முடித்துக் கொடுத்ததுதான். ரொட்டியையும் மிட்டாயையும் பைக்குள் போட்டாள். ஒரு பாட்டுச் சீட்டில் தன் போன் எண்ணை எழுதி டார்லீனின் கையில் வைத்தாள்.

“அப்போ கிறிஸ்துமஸுக்கு யாரைக் கூப்பிடறது?” என்றாள் டார்லீன், சீட்டையும் ரஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்து.

“யார் பாட்டை ஒழுங்கா நடத்துவாங்களோ அவங்களை.”

“டெஸ், நோட்டு” என்றார் ரஸ்.

“என்னோடது.”

மைக்கை அணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். வாழைப்பழம் கதவைத் திறந்துவிட்டது. வெளியே பூசணிக்காய்களுக்குள் விளக்கேற்றியிருந்தார்கள். அப்பாவின் பழைய காரை அவள் எட்டும்போது உள்ளே வாழைப்பழத்தின் மனைவி பாடத் தொடங்கியிருந்தாள். ஒன்றரைக் கட்டை இறக்கியிருக்க வேண்டும். யாரும் இறக்கவில்லை. உச்சி வரியில் குரல் உடைந்து கூடம் சிரித்தது.

டெஸ்ஸா வண்டியைக் கிளப்பினாள்.