சுளிப்பலை

முப்பத்தொன்பது மணி நேரத்தில் அந்த விளக்கு ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை. தமயந்தி எண்ணிக்கொண்டே வந்திருந்தாள். வியாழன்தோறும் மூன்று மணிக்கு, ஒரு மணி நேரம். இன்று நாற்பதாவது.

அவளுக்கு வயது முப்பத்தைந்து. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் இருப்பது முப்பத்தொன்றில்தான் தெரியவந்தது. அதன்பின் ஏழு ஆலோசகர்களிடம் போய்ப் பார்த்தாள். ஒருவர் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கினார். ஒருவர் விரல்களை ஆட்டக் கூடாது என்றார். இன்னொருவர், "இவ்வளவு படிச்சிருக்கீங்க, இதெல்லாம் சாக்குதானே?" என்று சிரித்தார். கனிவாகப் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்கள் முகமும் எங்கோ ஒரு நொடி சுளித்தது. அந்த ஒரு நொடியை அவளுக்கு இரண்டாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

பிறகுதான் சுளிப்பலையைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் இன்னொருவரை மனத்துக்குள் மறுக்கும்போது, முகம் மாறுவதற்கு மூன்றில் ஒரு நொடி முன்பே மூளையில் ஓர் அலை எழுகிறது. முகத்தை அடக்கிவிடலாம். அலையை அடக்க முடியாது. ஆலோசகரின் நெற்றியில் ஒரு பட்டை, மேசைமேல் ஓர் ஏற்புவிளக்கு. அலை இல்லையென்றால் பச்சை, எழுந்தால் சிவப்பு. ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் உரிமம் பறிபோகும். இந்தச் சட்டம் வேண்டுமென்று மனுக் கொடுத்த பதினோராயிரம் பேரில் தமயந்தியும் ஒருத்தி. வாழ்நாளெல்லாம் முகங்களைப் படித்துக் களைத்தவர்கள் அவர்கள். இனி முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை, விளக்கைப் பார்த்தால் போதும் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

முதல் ஆண்டில் ஆலோசகர்களில் பாதிப் பேர் தொழிலை விட்டுப் போனார்கள். இரண்டாம் ஆண்டில் மிச்சமிருந்தவர்களின் விளக்குகள் எல்லாமே பச்சையாகிவிட்டன. எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

தில்லைநகரில் இருந்த அந்த நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் மின்விசிறிக்குச் சத்தமில்லை. விளக்குகள் மங்கலாக இருந்தன. ஆடிக்கொண்டே உட்கார ஊஞ்சல் நாற்காலிகள், படுத்துக்கொள்ள மெத்தைகள். ரெஜினா தரையில் மல்லாந்து, கால்களைச் சுவரில் தூக்கிப் போட்டிருந்தாள். பக்கத்து அறை ஆலோசகரிடம் வருகிறவள். முதல் வாரத்திலிருந்தே தோழி.

"ஏய் தமயா, என் ஆளுகிட்ட போன வாரம் முழுசா ஒரு மணி நேரம் கதவுக் கொண்டியப் பத்தியே பேசினேன்டி. எத்தனை வகை, எந்த ஊர்ல எது. மனுஷன் ஒரு கொட்டாவி விடல."

"நல்லதுதானே."

"எங்கம்மாவே பத்தாவது நிமிஷம் 'போதும்டி, காது வலிக்குது'ன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. எனக்கே நாப்பதாவது நிமிஷம் போரடிச்சுது. இவருக்கு அடிக்கல. என்ன ஜென்மமோ!" ரெஜினா தலையைத் திருப்பிப் பார்த்தாள். "என்னடி, கையெல்லாம் இப்படி ஆடுது?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமல் இல்லை. தமயந்தி வேலை பார்ப்பது ஓர் இரத்த வங்கியில். செவ்வாய்க்கிழமை பைகளில் இரத்த வகைச் சீட்டு ஒட்டும் இயந்திரம் பழுதாகிவிட, கையால் ஒட்டினாள். நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு. பேசி முடித்துத் திரும்பியவள் வேறு பைத்தட்டின் முன் உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு பி பாசிட்டிவ் பைகள்மேல் ஓ நெகட்டிவ் சீட்டு. அன்று மாலை வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. கையிலிருந்த தட்டை அப்படியே வைத்தாள். வேறு எந்தச் சீட்டாக இருந்தாலும் ஏற்றுவதற்கு முன் மருத்துவமனையில் ஒரு முறை சோதிப்பார்கள். ஓ நெகட்டிவ் என்றால், விபத்தில் வந்தவர்களுக்குச் சோதிக்க நேரமில்லாதபோது நேராக ஏற்றிவிடுவார்கள். இன்று ஐந்து மணிக்கு வண்டி அந்தப் பைகளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பும்.

இரண்டு நாளாகச் சொல்ல முயன்றாள். மேலாளர் கோமதி மேடத்தின் அறை வாசல்வரை நான்கு முறை போனாள். உள்ளே போய் வாயைத் திறந்தால் அந்த முகம் மாறும். அதை நினைத்ததுமே திரும்பிவிட்டாள். இங்கே முதலில் சொல்லிவிட்டால், அந்த வார்த்தைகள் ஒரு முறை வெளியே வந்துவிட்டால், அங்கே சொல்வது எளிதாகிவிடும் என்று நம்பி வந்திருந்தாள்.

மணி மூன்று. கதவு திறந்தது.

அவளுடைய ஆலோசகர் டாக்டர் பிலவேந்திரன் வழக்கம்போல் சன்னலோர நாற்காலியில் இருந்தார். தமயந்தி வழக்கம்போல் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பச்சை. பத்து நிமிடம் பேசாமல் இருந்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. எப்போதும் அவசரப்படுத்தியதில்லை.

பிறகு சொன்னாள். சீட்டு, தட்டு, பதினான்கு பை, ஐந்து மணி. ஒரே மூச்சில் சொல்லி முடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு பச்சையாகவே இருந்தது.

"இத்தனை நாள் இதைத் தனியாச் சுமந்திருக்கீங்க," என்றார் அவர். "ஒரு வேலையிலேர்ந்து இன்னொண்ணுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றது உங்க மூளைக்குச் சிரமம். அது உங்க தப்பு இல்ல. உங்களை நீங்களே தண்டிச்சுக்க வேண்டாம்."

முப்பத்தொன்பது வாரமும் இந்தச் சொற்கள்தான் அவளை நிமிர்த்தி வீட்டுக்கு அனுப்பின. இன்று அவை தோள்மேல் பட்டு வழுக்கிக் கீழே விழுந்தன.

"சார், இப்ப மூணு பத்து. வண்டி அஞ்சு மணிக்கு."

"எப்போ சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. உங்க வேகத்துல."

"நான் சொல்லாமலே விட்டுட்டா?"

"அதுக்கும் உங்ககிட்ட ஒரு காரணம் இருக்கும். அதையும் ஏத்துக்கலாம்."

பச்சை.

தமயந்தியின் விரல்கள் நின்றுவிட்டன. "யாராவது செத்துப்போவாங்க சார்."

"அதை நினைக்கிறப்போ உடம்புல எங்க என்ன தெரியுது?"

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவக்கட்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒரு நொடி சிவந்தால் போதும். இவ்வளவு நேரமாக என்னம்மா உட்கார்ந்திருக்கிறாய், எழுந்திரு என்று ஒரு குரல். அதற்காகத்தான் பேருந்து ஏறி வந்திருக்கிறாள். விளக்கு ஒரு சிறு நடுக்கமும் இல்லாமல், குளத்து நீரைப் போலப் பச்சையாக இருந்தது.

அவள் விளக்கிலிருந்து பார்வையை எடுத்தாள். நாற்பது வாரத்தில் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கனிவான முகம். அவள் உள்ளே நுழையும்போது இருந்திருக்கக்கூடிய கனிவு, பதினான்கு பைகளைப் பற்றிக் கேட்ட பிறகும் அதே அளவில், அதே இடத்தில் இருந்தது. இமைகள் சீராக மூடித் திறந்தன. முகங்களில் அவளுக்குப் பலதும் பிடிபடாது. ஆனால் எதுவும் நடக்காத ஒரு முகத்தை அவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

கைப்பேசியை எடுத்தாள்.  கோமதி மேடத்தின் எண்ணை அழுத்தினாள்.

"மேடம், தமயந்தி பேசுறேன். செவ்வாக்கிழமை நான் ஒட்டினதுல பதினாலு பை தப்பு. பி பாசிட்டிவ் மேல ஓ நெகட்டிவ் ஒட்டிட்டேன்."

 எதிர்முனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அடிப்பாவி! செவ்வாக்கிழமையா? இன்னிக்கு வியாழன்டி! ரெண்டு நாளா வாயில என்ன வச்சிருந்த? ஒரு உசுரு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? நம்பரச் சொல்லு, சீக்கிரம்!"

"ரெண்டாயிரத்து இருநூத்தி ஏழுலேர்ந்து இருநூத்தி இருபது வரைக்கும்."

"முருகேசா, வண்டிய நிறுத்து! ஒரு பை ஏத்தக் கூடாது, எல்லாத்தையும் இறக்கு!" குரல் தள்ளிப் போய்ச் சில நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது. "எண்ணிட்டேன். பதினாலும் இங்கதான் இருக்கு. உன்னைய வச்சுக்கிட்டு... ஏய், அழறியா? இப்ப அழுது என்ன ஆகப்போகுது? கிளம்பி வா. சேர்ந்து உட்கார்ந்து மறுபடி சோதிக்கணும். வர்ற வழியில ஏதாச்சும் சாப்பிட்டு வா, ரெண்டு நாளா தின்னிருக்க மாட்ட."

அழைப்பு நின்றது. தமயந்திக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. திட்டு வாங்கிய பழைய நடுக்கம்தான். ஆனால் அடியில் எங்கோ தரை தட்டுப்பட்டது.

பிலவேந்திரன் தலையசைத்தார். "தைரியமா ஒரு முடிவு எடுத்தீங்க. அதை மதிக்கிறேன்."

"நான் போன் பண்ணாம இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பீங்க."

"ஆமா."

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். கதவுவரை போனாள். போக முடியவில்லை. திரும்பினாள்.

"சார், ஒண்ணு கேக்கவா? பதினாலு பைன்னு சொன்னப்போ உங்களுக்குப் பதறலையா? எங்க மேடம் பதறினாங்கல்ல, அந்த மாதிரி. கொஞ்சங்கூட?"

அவர் யோசித்தார். மறைக்க வேண்டும் என்ற தவிப்போ, சொல்ல வேண்டும் என்ற தவிப்போ அந்த முகத்தில் இல்லை.

"நேரா கேட்டா உண்மையைச் சொல்லணும்னு விதி இருக்கு," என்றார். "இதுவரைக்கும் யாரும் கேக்கல. சட்டம் வந்த வருஷம் எனக்கு ரெண்டு சிவப்பு விழுந்துச்சு. ரெண்டும் ஒரு பையன் தன் கையைக் கிழிச்சுக்கிட்டேன்னு சொன்னப்போ. மூணாவது விழுந்தா உரிமம் போயிடும். அதனால மத்தவங்க செஞ்சதை நானும் செஞ்சேன். தணிப்பின்னு ஒண்ணு இருக்கு, அரிசி அளவுதான், மூளையில வைப்பாங்க. சுளிப்பலையை மட்டும் அணைக்கும்னுதான் சொன்னாங்க. ஆனா சுளிப்பு பிறக்கிற இடமும் பதறல் பிறக்கிற இடமும் ஒண்ணுதானாம். தனித்தனியா அணைக்க முடியாதாம்."

தமயந்தி கதவுப் பிடியை இறுகப் பற்றினாள். சுவருக்கு அப்பால் ரெஜினாவின் சிரிப்பு கேட்டது. அவளுடைய மணி நேரமும் தொடங்கியிருந்தது.

"எப்போ வச்சீங்க?"

"நீங்க முதல் நாள் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி," என்றார் அவர், அதே கனிவோடு. "அதுலேர்ந்து எனக்கு யாரைப் பத்தியும் ஒண்ணும் தோணறதில்ல."