இடது பெட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். சன்னலோர நாற்காலியில் அக்கா. கட்டிலில் மனைவி, அவள் மடியில், தலைவாரிக்கொள்ள வாகாக, எட்டு வயது மகள். எதிரே தரையில், தான் செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே சம்மணமிட்டு அவன். பாட்டு முடிந்து ஐந்து நிமிடம் ஆயிற்று, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரையும் பிடுங்கிவிட்டான். ஆனாலும் இடது பெட்டியின் காகிதக் கூம்பு அசைந்துகொண்டிருந்தது.

உள்ளே போய், மெல்ல வெளியே வந்தது. மறுபடி உள்ளே.

ஆறு மாத வேலை. ஆணி அடிக்காமல், பசை தொடாமல், பலகை ஓரங்களை உளியால் பல்பல்லாகச் செதுக்கி, இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் மூலைகளைப் பின்னியிருந்தான். மரம் அறுத்துக் கொடுத்தவர் இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் தச்சர். மெஷின் சத்தத்தில் காது போனவர். சந்தேகம் வந்தால் எழுதித்தான் கேட்க வேண்டும். காது கேட்காதவரிடம் யோசனை கேட்டுப் பாட்டுப்பெட்டி செய்பவன் தன் தம்பி ஒருவன்தான் என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பெட்டியில் காற்று கசியக் கூடாது. மூலைகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒயர்த் துளை வழியே காற்றடித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். வலது பெட்டிக்குச் சைக்கிள் பம்பு போதுமாக இருந்தது. நேற்று மாலை இடது பெட்டிக்கு வந்தபோது பம்பின் வாஷர் போய்விட்டது. மகளை ஊதச் சொன்னான். கன்னம் உப்ப, கண் பிதுங்க, மிச்சமில்லாமல் ஊதினாள். ஒரு குமிழிகூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில், அவள் வாயை எடுத்த கணமே துளையை ஒயரோடு சேர்த்து மெழுகால் அடைத்தான்.

“என் மூச்சைத் திருப்பித் தர மாட்டீங்களாப்பா?”

“உள்ள பத்திரமா இருக்கும், போ.”

அதற்குப் பிறகு அவள் பேசி அவன் கேட்கவில்லை. ராத்திரி முரண்டு பிடிக்காமல் சாப்பிட்டாளாம், தானாகவே போய்ப் படுத்தாளாம். வாயாடிக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று மனைவி இப்போது அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மின்விசிறியின் கிறீச்சும், வெயிலில் காய்ந்த மரத்தூளின் காரநெடியும், சீப்பு முடியில் இறங்கும் சரசரப்பும் நிறைந்திருந்த அந்த அறையில், அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு மெல்லிய சீற்றத்தைக் கேட்டு அவன் தலை நிமிர்ந்தான். மகளின் நெஞ்சு ஏறியது. கூம்பு வெளியே வந்தது. நெஞ்சு இறங்கியது. கூம்பு உள்ளே போனது.

கூம்பின்மேல் ஒரு விரலை வைத்தான். நின்றது. கட்டிலில் நெஞ்சும் நின்றது. அவள் உதடுகள் நீலம் பாரிக்க, விரலை எடுத்தான்.

இன்னொரு முறை. அதேதான்.

‘டிக்’கென்று ஒரு சத்தம். வெயிலுக்கு மரம் சுருங்கி, மூலையில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. உள்ளங்கையால் பொத்தினான். வெதுவெதுப்பான காற்று கையில் பட்டது. ஈரமாக.

சொன்னால் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். பெட்டியை விட்டு எத்தனை அடி தூரம் போகலாம்? அவனுக்குத் தெரியாது. இடது கையை எடுக்காமல், தாளை முழங்காலில் வைத்துத் தச்சருக்கு எழுதினான்.

‘பசையுடன் உடனே வரவும். இடது பெட்டியின் எல்லா மூலைகளையும் அடைக்க வேண்டும். இனி எக்காலத்திலும் திறக்க முடியாதபடி. காரணத்தை நேரில் எழுதிக் காட்டுகிறேன்.’

“பெட்டிக்குக் காய்ச்சலா, கையை எடுக்கவே மாட்டேங்கற?” என்றாள் அக்கா. தச்சரிடம் கொடுக்கச் சொல்லி அவன் நீட்டிய தாளை வாங்கி உறையிலிட்டு, ஓரத்தை ஒட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வெளிக்கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது.

உள்ளங்கைக்குள் மரம் அதிர்ந்தது. கூம்பிலிருந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற அளவில், ஒரு குரல்.

“அப்பா… அம்மா மடியில உட்கார்ந்திருக்கிறது யாரு?”

மனைவி குனிந்தபடி பின்னலை முடிந்துகொண்டிருந்தாள். மடியில் இருந்தது அவனை நேராகப் பார்த்தது. பிறகு, மெதுவாக, ஒரு விரலை உதட்டின்மேல் வைத்தது.