கேக் மேல் ஒரு காட்டெருமை

ஜோசியின் அப்பா வெர்ன் ரொட்டிக் கடைக்காரர். அம்மாவோ பீரங்கிப் படைப்பிரிவில் சார்ஜென்ட். பட்டாளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்று அம்மாவின் நண்பர்கள் அப்பாவை வருஷம் முழுக்கக் கிண்டல் செய்வார்கள். இன்று படைப்பிரிவின் பிறந்தநாள். அவர்கள் வாயை அடைக்கிற மாதிரி ஒரு கேக் செய்ய, அப்பா இரண்டு நாள் மாவும் கையுமாகவே இருந்தார்.

கேக் மேல் படைப்பிரிவின் சின்னம். சிவப்பு, பீரங்கிக்காரர்களின் நிறம். நெளியும் நீலக்கோடு, முதல் உலகப் போரில் அவர்கள் பிரான்சில் கடந்த ஆறு. அதற்கு மேலே, அவர்கள் மாநிலமான ஓக்லஹோமாவுக்காக ஒரு தங்கக் காட்டெருமை.

படைப்பிரிவின் விருந்துக் கூடத்தில் கேக்கை இறக்கியதும் ஜோசி சுவரில் இருந்த கொடியைப் பார்த்தாள். கொடியில் எருமை இடப்பக்கம் பார்த்தது. கேக்கில் வலப்பக்கம் பார்த்தது. படம் வெட்டிய அட்டையை அப்பா புரட்டி வைத்துவிட்டார்.

சின்னத்தில் மிருகம் திரும்பி நின்றால், சண்டையை விட்டு ஓடுகிறது என்று அர்த்தம். பீரங்கிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. சுரண்டினால் சிவப்பும் பிய்ந்து வரும். விருந்துக்கோ அரை மணி நேரம்தான் இருந்தது.

"வண்டியில ஏத்திடலாம்மா. கேக் கருகிடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார் ஜோசியிடம்.

ஜோசிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அம்மா விறைப்பான சீருடையில் வந்தாள். இரண்டு தோளிலும் அதே சின்னம். ஜோசி அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். வலது தோள் எருமை, அச்சு அசலாகக் கேக்கில் இருப்பது போலவே நின்றது!

ஏன் இப்படி என்று கேட்டாள். எருமை இரண்டு தோளிலும் முன்பக்கம் பார்க்க வேண்டும், அதனால் ஜோடியாகத்தான் செய்வார்கள் என்றாள் அம்மா.

"அப்பா, நம்ம எருமை ஓடலப்பா. அது வலது தோள் எருமை. இடது தோளுக்கு ஒண்ணு போட்டுட்டா போதும்."

வாழ்த்து எழுத விட்டிருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அப்பா கையோடு கொண்டுவந்திருந்த அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார், வாழ்த்துக்கு வைத்திருந்த க்ரீமை ஜோசி பிழிந்தாள். இரண்டாவது எருமைக்கு வால் கொஞ்சம் தடித்துப்போனது. போகட்டும்.

படைப்பிரிவிலேயே மூத்தவரான ஹாஸ்கெல் வந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கேக்கைப் பார்த்தார். தலையைத் திருப்பித் தன் வலது தோளைப் பார்த்தார், இடது தோளைப் பார்த்தார்.

"தோளுக்கு ஒண்ணா ஜோடி வேணும்னு உனக்கு யாருப்பா சொன்னது?"

"எனக்குத் தெரியாது சார். நான் ஒண்ணைத் தப்பாப் போட்டேன். என் பொண்ணுதான் அதுக்கு ஜோடி சேர்த்தா."

ஹாஸ்கெலின் மீசை லேசாக அசைந்தது. "தப்பை ஒத்துக்கிட்டு ஓடாம நின்ன பாரு, நீயும் எங்க ஆளுதான்" என்று சொல்லி, பட்டாள வழக்கப்படி கேக் வெட்டும் வாளை அப்பாவின் கையில் கொடுத்தார்.